தட்டும் குழாயும் கௌலி ஆறும்: நுரை நீர் எப்படி இயங்குகிறது?

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்துக் குழாயைத் திறந்துவிடுங்கள். விளிம்பு சற்று உயர்ந்த சாப்பாட்டுத் தட்டாக இருந்தால் நல்லது. தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி வழவழப்பான ஒரு வட்டம் தெரியும். அதற்குள் தண்ணீர் மெல்லிய படலமாக, மிக வேகமாக நாலா பக்கமும் ஓடும். வட்டத்தின் ஓரத்தில் சட்டென்று ஒரு வரப்பு எழும்பி நிற்கும். வரப்புக்கு வெளியே தண்ணீர் ஆழமாகி, நிதானமாகத் தளும்பும். தட்டில் தண்ணீர் ஏற ஏற அந்த வரப்பு உள்நோக்கி நெருங்கிக் கலங்கத் தொடங்கும்.

இப்போது ஓர் ஈர்க்குச்சியின் நுனியை வட்டத்துக்குள் தொடுங்கள். குச்சிக்குப் பின்னால் மட்டும் இரண்டு கோடுகள் ஆப்பு வடிவில் விரியும். முன்பக்கம் எந்தச் சலனமும் இருக்காது. அதே குச்சியை வரப்புக்கு வெளியே தொட்டால் அலை எல்லாத் திசையிலும் போகும், ஓட்டத்தை எதிர்த்தும் போகும். காரணம் எளிது. வட்டத்துக்குள் தண்ணீர் ஓடும் வேகம், அலை நகரும் வேகத்தை மிஞ்சிவிட்டது. அதனால் எந்த அலையும் எதிர்த்து ஏற முடிவதில்லை. வரப்புக்கு வெளியே நிலைமை தலைகீழ். வேகமான, ஆழமற்ற ஓட்டம் மெதுவான, ஆழமான ஓட்டமாக மாறியே தீர வேண்டிய இடத்தில் அந்த வரப்பு எழுகிறது. பொறியாளர்கள் இதை ஹைட்ராலிக் ஜம்ப் என்பார்கள். நாம் தாவல் என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே ஓடும் கௌலி ஆற்றில் இதே தாவல் ஒரு ராஃப்ட்டையே, அதாவது பலர் ஏறும் ரப்பர் படகையே பிடித்து நிறுத்திவைக்கும் அளவில் இருக்கிறது. நாட்டின் கிழக்குப் பகுதியில் கயாக் எனும் ஒடுங்கிய சிறு படகும் ராஃப்ட்டும் ஓட்டுகிறவர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது இந்த ஆற்றின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்காகத்தான். சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஆறு 200 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. வழியில், பாறைகளுக்கிடையே நீர் நுரைத்து இறங்கும் பாய்ச்சல்கள் நூற்றுக்கும் மேல். கடினத்தை 1 முதல் 6 வரை வகுக்கும் பன்னாட்டு அளவுகோலில், மேல் கௌலி எனப்படும் முதல் பகுதியின் ஐந்து பாய்ச்சல்கள் 5-ஆம் வகுப்பு: இன்சிக்னிஃபிகன்ட், பில்லோ ராக், லாஸ்ட் பேடில், அயர்ன் ரிங், ஸ்வீட்ஸ் ஃபால்ஸ். தவறினால் காயமோ உயிராபத்தோ உண்டு, மீட்பதும் கடினம் என்பது அந்த வகுப்பின் பொருள். தேர்ந்த வழிகாட்டியோடு ராஃப்ட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் பலர். ஆனால் தனிக் கயாக்கில் இறங்க வேண்டுமானால், கவிழ்ந்தபின் ஓடும் நீருக்குள்ளேயே இடுப்பைச் சொடுக்கிப் படகை நிமிர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். அது யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகியிருக்கவும் வேண்டும்.

கரையில் நின்று இந்த ஆற்றைப் பார்ப்பவர்களின் கண் வெள்ளை நுரை மீதுதான் விழும். எங்கே இரைச்சல் அதிகமோ அங்கே அபாயம் அதிகம் என்று தோன்றும். பல வருடம் துடுப்புப் பிடித்தவர்கள் நுரையைப் பார்ப்பார்கள், மதிப்பார்கள். ஆனால் அவர்கள் கவலையோடு தேடுவது, நுரை இருந்திருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் போயிருக்கிறதா என்பதை. அது ஏன் என்பதைத் தொட்டியை விட்டு நகராமலே விளக்கிவிட முடியும்.

குழாய் யார் கையில்?

கௌலியின் குழாய் சம்மர்ஸ்வில் அணை. பாறைகளைக் கொட்டி நிரப்பிக் கட்டிய, 119 மீட்டர் உயரமுள்ள இந்த அணையை 1966-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் திறந்துவைத்தார். கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. கீழே உள்ள கனாவா பள்ளத்தாக்கை வெள்ளத்திலிருந்து காப்பது நோக்கம். கோடையில் ஏரியை நிரப்பி வைப்பார்கள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வரும் வெள்ளத்துக்கு இடம் வேண்டுமே, அதற்காக இலையுதிர்காலத்தில் நீர்மட்டத்தை 20 மீட்டருக்கும் மேல் இறக்குவார்கள். எப்படியும் வெளியே விட வேண்டிய தண்ணீர் அது.

அந்தத் தண்ணீரைக் கண்டபடி விடாமல், சொன்ன நாளில் சொன்ன அளவில் விடுங்கள் என்று படகோட்டிகள் கேட்டார்கள். 1986-ல் அது சட்டமே ஆனது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு அடுத்து ஆறு வாரங்களில், குறைந்தது 20 நாள் ஆற்று விளையாட்டுக்கென நீர் திறக்க வேண்டும். இப்படி ஓர் அணைக்குச் சட்டமே உத்தரவிட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. 1988-ல் ஆறும் கரையும் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஒன்றை, யாருக்கும் நட்டமில்லாமல் இன்னொரு பயனுக்கும் திருப்பிய ஏற்பாடு என்ற வகையில் எனக்கு இந்தச் சட்டத்தின் மீது மதிப்பு உண்டு.

வழக்கமாகத் திறப்பது நொடிக்கு சுமார் 2,800 கன அடி. மேட்டூர் நீர்வரத்துச் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு இது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் காவிரி அகலமாகப் பரவி ஓடுகிறது. கௌலி ஒடுங்கிய பள்ளத்தாக்கில், பிரம்மாண்டமான மணற்பாறைகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு இறங்குகிறது. 2,800 கன அடி என்றால் நொடிக்கு 79,000 லிட்டர், அதாவது 79 டன் எடை. நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு நீரில் ஓர் ஆளை நிற்கவிடாமல் செய்ய ஆற்றுக்குப் பெரிய முயற்சி ஒன்றும் தேவையில்லை.

அளவு நிலையாக இருப்பதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. தொட்டிக்குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து பாருங்கள். வட்டம் அகலும், வரப்பு வேறோர் இடத்துக்குப் போய்விடும். ஆற்றிலும் அப்படித்தான். 2,800-ல் ஒருவர் மனப்பாடமாக அறிந்த பாய்ச்சல், மழை பெய்து 5,000 கன அடி வரும்போது வேறு பாய்ச்சல். சில தாவல்கள் கழுவிப்போகும். முன்பு வெளியே தெரிந்த பாறைகள் நீருக்கடியில் போய்ப் புதுத் தாவல்களை உண்டாக்கும். அனுபவம் என்பது ஓர் ஆற்றோடு மட்டும் அல்லாமல், அந்த ஆற்றின் ஒரு குறிப்பிட்ட அளவு நீரோடும் கட்டுண்டது.

கட்டைவிரலுக்குப் பின்னால்

தட்டை ஒரு பக்கம் சாய்த்து, ஓடும் நீரில் கட்டைவிரலை ஊன்றுங்கள். விரலுக்கு முன்னால் தண்ணீர் குவியும். இருபுறமும் பிரிந்து ஓடும். விரலுக்குப் பின்னால் ஓட்டம் எட்டாத ஓர் ஒதுக்கிடம் கிடைக்கும்.

விரல் இருந்த இடத்தில் ஒரு பாறையை வைத்துக்கொள்ளுங்கள். பாறைக்குப் பின்னால் நீர்மட்டம் சற்றுத் தாழ்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீழேயிருந்து நீர் மேல்நோக்கித் திரும்பி வருகிறது. ஆறு முழுக்கக் கீழே ஓடிக்கொண்டிருக்க, அந்த ஒரு துண்டு நீர் மட்டும் மேலே ஓடும். இதைப் படகோட்டிகள் எடி என்பார்கள். அவர்களுக்கு எடிதான் நிறுத்தம், அங்குதான் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், அடுத்த சரிவை எட்டிப் பார்ப்பதும் அங்கிருந்துதான். மேல் கௌலியில் தேர்ந்த கயாக்காளர் இறங்குவதைக் கவனித்தால், ஒரு பாய்ச்சலை மேலிருந்து கீழ்வரை அவர் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை என்பது தெரியும். இந்த எடியிலிருந்து அந்த எடி, அங்கிருந்து எதிர்க்கரை எடி என்று ஆற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிக்கொண்டு இறங்குவார். துடுப்பில் பெரிய வேகம் இருக்காது. ஆற்றின் வேகத்தை எங்கே எடுத்துக்கொள்வது, எங்கே விட்டுவிடுவது என்பதில்தான் அவர் உழைப்பெல்லாம்.

கவிழ்வது பெரும்பாலும் எடிக்கும் பிரதான ஓட்டத்துக்கும் நடுவே உள்ள கோட்டில்தான். அங்கே இரண்டு நீரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக ஓடுகின்றன. படகின் மூக்கு கோட்டைத் தாண்டி ஓட்டத்துக்குள் நுழைந்ததும் கீழ்நோக்கி இழுபடும். பின்பகுதி இன்னும் எடிக்குள் இருப்பதால் மேல்நோக்கித் தள்ளப்படும். படகு சுழல்கிறது. அந்த நேரத்தில் புதிய ஓட்டம் வந்து படகின் ஒரு பக்கத்தில் மோதுகிறது. அந்தப் பக்கத்து விளிம்பு தாழ்ந்திருந்தால் நீர் அதன்மேல் ஏறி அழுத்தும், படகு நொடியில் கவிழும். ஆகவே விதி இது: எந்த ஓட்டத்துக்குள் நுழைகிறாயோ, அது வந்து மோதும் பக்கத்து விளிம்பைத் தூக்கு. நீர் அடியில் வழுக்கிப் போகும். தூக்குவது இடுப்பாலும் முழங்காலாலும். மேலுடம்பு நேராகவே இருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும்போது உடம்பு இதற்கு நேர் எதிராகச் செய்யவே துடிக்கும், ஏனெனில் வருகிற விசையை எதிர்த்துச் சாய்வதுதான் நிலத்தில் நமக்குப் பழக்கம்.

பாறைமேல் குவியும் நீர்

கட்டைவிரலுக்கு முன்னால் குவிந்த நீருக்கு வருவோம். பில்லோ ராக் பாய்ச்சலில் ஆறு ஏறக்குறைய முழுவதுமாகச் சரிந்து இறங்கி, இடக்கரையில் நிற்கும் மாபெரும் பாறைமீது நேராக மோதுகிறது. மோதிய நீர் பாறையின் மேல் ஏறி, வெளுத்து, திரும்ப உருண்டு விழுகிறது. கௌலியில் படம் எடுப்பவர்கள் அதிகம் நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பார்க்கவே குலை நடுங்கும். ஆனால் அந்தக் குவியலை நன்றாகக் கவனியுங்கள். அது பாறையிலிருந்து வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை நோக்கி வரும் படகையும் அப்படியே தள்ளிவிடப் பார்க்கும். வேண்டுமென்றே அந்தக் குவியலின் மேல் ஏறி விளையாடிவிட்டு இறங்கும் கயாக்காளர்களும் உண்டு. இங்கே பாறையைவிட அதிகத் தொல்லை தருபவை பாறைக்குப் பக்கத்தில் இருப்பவை: இடப்புறம் ஒடுக்கமாக, வெளிவரச் சிரமமாக உள்ள ஓர் எடி, பாய்ச்சலின் அடியில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு பாறை.

இன்னொரு சோதனை செய்யுங்கள். ஓடும் நீரில் ஒரு டம்ளரைத் தட்டோடு பதிய வையுங்கள். முன்னால் நீர் குவிகிறது. இப்போது டம்ளரை ஒரு நூல் அளவு மட்டும் தூக்குங்கள். குவியல் படுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் அமைதியாகிவிட்டதாகத்தான் தெரியும். நீர் டம்ளருக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

அனுபவசாலிகள் தேடுவது இந்த அடையாளத்தைத்தான். ஓட்டத்தின் நடுவே ஒரு பெரிய பாறை. நீர் அதை நோக்கி நேராகப் போகிறது. ஆனால் பாறையின் முகத்தில் குவியல் இல்லை, நுரை இல்லை, நீர் சத்தமில்லாமல் போய் மறைகிறது. அப்படியானால் பாறையின் அடி குடைந்திருக்கிறது. கௌலியின் மணற்பாறைகளில் இது ஏராளம். நீர் காலங்காலமாக அடியை அரித்து உள்ளே குகையாக்கிவிட்டது, மேலே கூரை நிற்கிறது. குவியல் உள்ள பாறையில் படகு பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டால், பாறையை அணைத்துக்கொண்டு அதன் பக்கமே சாய வேண்டும். அப்போதுதான் நீர் அடியில் வழுக்கும், குவியலும் கைகொடுக்கும். அடி குடைந்த பாறையிடம் இந்த வித்தை பலிக்காது. சாய அங்கே ஒன்றுமில்லை, சாய்ந்தால் உள்ளேதான். அதற்கு ஒரே வழி, இருபது மீட்டருக்கு முன்பே அதைக் கண்டுகொண்டு வேறு பாதையில் இருப்பது.

நீர் மேற்பரப்பில் வரையும் ஆப்பு வடிவமும் இதோடு சேர்ந்த வாசிப்புதான். கூர்முனை மேல்நோக்கி, ஓட்டம் வரும் திசையைப் பார்த்து இருந்தால் அந்த முனையில் ஏதோ ஒன்று நீரைக் கிழிக்கிறது, பெரும்பாலும் பாறை. கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் இரண்டு தடைகளுக்கு நடுவே நீர் வழுக்கிப் போகும் திறந்த வாசல் அது.

குழி

இனி, தட்டின் வரப்பு. ஆற்றில் நீர் ஒரு பாறையின் மேலோ படியின் மேலோ வழிந்து விழும்போது வேகமான மெல்லிய தகடாக அடிக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் ஆழமான, மெதுவான நீரில் முட்டுகிறது. தாவல் நிகழ்கிறது. ஆனால் இங்கே வரப்பு அமைதியாக நிற்காது. அதன் மேல்பகுதி பின்னோக்கிச் சரிந்து, விழும் நீரின் மேலேயே திரும்பத் திரும்ப உருள்கிறது. மேற்பரப்பில் நீர் மேல்நோக்கி ஓடுகிறது, அடியில் கீழ்நோக்கி. இதைத்தான் படகோட்டிகள் குழி என்பார்கள். சற்றுத் தள்ளி, நீர் கொதிப்பதுபோல் ஒரு கோடாக எழுவது தெரியும். அந்தக் கோட்டுக்கு இப்பால் மிதப்பதெல்லாம் குழிக்குள் இழுபடும். அப்பால் மிதப்பது தப்பிப் போகும்.

குழிக்குள் நுரையில் பெரும்பங்கு காற்று. காற்று கலந்த நீர் சரியாகத் தாங்காது. லைஃப் ஜாக்கெட் அணிந்தவர்கூட எதிர்பார்த்ததைவிடக் கீழே அமிழ்வார். துடுப்புக்கும் பிடிமானம் கிடைக்காது. அதனால்தான் குழியைக் கடக்கும்போது வேகத்தோடு, மூக்கு நேராக வந்து, துடுப்பை நுரைக்கு அப்பாலுள்ள அல்லது அடியிலுள்ள பச்சை நீரில் குத்தி இழுக்கச் சொல்வார்கள். வேகமின்றி, பக்கவாட்டில் வந்தவர் அங்கேயே நிற்பார்.

எல்லாக் குழியும் ஒரே மாதிரி அல்ல. நுரைக்கோட்டின் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்திருந்தால், உள்ளே சிக்கியது முனைகளை நோக்கி ஒதுங்கித் தானே வெளியேறும். முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தால், ஓரத்துக்குப் போனதையும் நடுவுக்கே திருப்பி அனுப்பும். கரையிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்த வளைவைத்தான், குழியின் உயரத்தை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். படகோடு சிக்கிக்கொண்டால் கீழ்நோக்கிய பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்து நுரையில் துடுப்பை ஊன்றிக்கொண்டு, ஏதேனும் ஒரு முனையை நோக்கி மெல்ல மெல்ல நகர வேண்டும். படகை விட்டுவிட்டவருக்குக் கடைசி வழி கீழே போவது. மேற்பரப்பு நீர் திரும்பி வருகிறது, அடிநீர் வெளியேறுகிறது. அதனால் உடம்பைச் சுருட்டியோ மூழ்கியோ அடியோட்டத்தில் ஏற வேண்டும். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவருக்கு இதைவிடக் கடினமான அறிவுரை இருக்க முடியாது. அதைச் செய்ய முன்கூட்டியே மனத்தில் பதிந்திருந்தால்தான் உண்டு.

நம் ஊருக்கு நேராகப் பொருந்தும் ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஆற்றின் குறுக்கே ஒரே சீராக, கரைக்குக் கரை கட்டிய தாழ்வான தடுப்பணையின் மேல் வெள்ளம் வழியும்போது உண்டாகும் குழிக்கு முனையே கிடையாது. எங்கும் ஒரே ஆழம், எங்கும் ஒரே உருளல், இருபுறமும் சுவர். இயற்கையான பாய்ச்சலில் எங்காவது ஓர் ஒழுங்கின்மை இருக்கும், அந்த ஒழுங்கின்மையே வெளியேறும் வழி. தடுப்பணையில் அது இல்லை. இரண்டடி உயரம்தானே, இரைச்சலும் பெரிதாக இல்லையே என்று அதன் அடியில் குளிக்க இறங்குகிறவர்களையும், அவர்களைக் காப்பாற்றக் குதிக்கிறவர்களையும் அது பிடித்துக்கொள்கிறது. கௌலியின் 5-ஆம் வகுப்பில் இறங்கும் கயாக்காளர்கள், வெள்ளம் வழியும் தடுப்பணையைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோடு நடப்பார்கள். மழைக்காலத்தில் தடுப்பணைக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. சிக்கியவருக்குக் கயிறோ டியூபோ கரையிலிருந்து வீச வேண்டும், பின்னால் குதிக்கக் கூடாது.

சல்லடை

தொட்டியின் வாயில் சோற்றுப் பருக்கை போகாமல் தடுக்கும் சல்லடையைப் பாருங்கள். தண்ணீர் ஓடும்வரை பருக்கை அதன்மேல் அப்பிக்கொண்டே இருக்கும். விரலால் ஒதுக்கினாலும் திரும்ப வந்து ஒட்டும். நீருக்கு வழி உண்டு, பருக்கைக்கு இல்லை.

பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, இடுக்குகள் வழியே மட்டும் ஆறு போகும் இடங்களைப் படகோட்டிகளும் சல்லடை என்றுதான் சொல்கிறார்கள். விழுந்து கிடக்கும் மரமும் அப்படிப்பட்டதே. குழி ஆளைச் சுழற்றும், ஆனால் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் வெளியே விட்டுவிடும். சல்லடை விடாது. மீடோ ஆறு வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கும் லாஸ்ட் பேடில் பாய்ச்சலின் கெட்ட பெயருக்குக் காரணம் இதுதான். நீளமான பாய்ச்சல், பல படிகள், அவற்றின் ஓரங்களில் அடி குடைந்த பாறைகளும் சல்லடைகளும். மேல் படியில் கவிழ்ந்து படகைவிட்டவர், கடைசிப் படிவரை நீந்தியபடியே போக நேரலாம். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அலை என்ற அளவில் பார்த்தால் பில்லோ ராக் இதைவிடப் பயங்கரமாகத் தெரியும். என்னிடம் கேட்டால், மேல் கௌலியில் முதலில் அஞ்ச வேண்டிய இடம் லாஸ்ட் பேடில்தான்.

படகைவிட்டு நீரில் விழுந்தவர் மல்லாந்து, பாதங்களை மேற்பரப்புக்கு அருகே வைத்து, கால்கள் ஓட்டத்தின் திசையை நோக்கி இருக்கும்படி மிதக்க வேண்டும். நிற்க முயலக் கூடாது. பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஓட்டம் உடலை முன்னோக்கி மடக்கி அழுத்திவிடும். முழங்கால் ஆழத்தில் தொடங்கி இடுப்பளவு வரை இந்த ஆபத்து உண்டு. ஆனால் எதிரே சல்லடையோ விழுந்த மரமோ தெரிந்தால் இந்த விதி மாறுகிறது. முதலில் ஓட்டத்துக்குக் குறுக்கே கரையை நோக்கி முழு வேகத்தில் நீந்தி விலகப் பார்க்க வேண்டும். விலக முடியாதென்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னால், பலங்கொண்ட மட்டும் அதை நோக்கி நீந்தி அதன் மேல் ஏற வேண்டும். காலை முன்னால் நீட்டியபடி போனவரின் கால் முதலில் இடுக்கில் நுழையும், உடம்பு பின்தொடரும்.

அயர்ன் ரிங் பாய்ச்சல் மனிதக் கை பட்ட இடம். மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோன காலத்தில், கட்டைகள் சிக்காமல் போக இங்கே பாறையை உடைத்து வழிசெய்யப் பார்த்தார்கள். அந்த வேலைக்காகப் பாறையில் பதித்த இரும்பு வளையம் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, பிறகு திருடுபோனது. உடைத்த பாறை நீரை ஒழுங்காக விடவில்லை. இயற்கையாக உருண்டு தேய்ந்த பாறையில் நீர் எப்படி நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். வெடி வைத்துப் பிளந்த பாறையின் கூர்முனைகளிலும் வெடிப்புகளிலும் அந்த ஊகம் பலிக்காது.

மேல் கௌலியின் கடைசிப் பெரிய பாய்ச்சலான ஸ்வீட்ஸ் ஃபால்ஸ், 1968-ல் அதை முதலில் படகில் கடந்த ஜான் ஸ்வீட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 4 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். பார்வையாளர்கள் பாறைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே விழுவதல்ல பிரச்சினை, எங்கே விழுவது என்பதுதான். மேலிருந்து வரும்போது விளிம்புக்கு அப்பால் எதுவும் தெரியாது, தொடுவானம்போல் ஒரு கோடு மட்டும். சரியான இடத்தில் இறங்கினால் ஓட்டமே வெளியே கொண்டுவிடும். சில அடி தள்ளிப்போனால் அடியில் பாறைகளுக்கு நடுவே போய் முட்ட வேண்டியதுதான். கயாக்காளர்கள் அருவிகளில் பயன்படுத்தும் உத்தி ஒன்று உண்டு. விளிம்பைத் தொடும் நொடியில் கடைசித் துடுப்பை விளிம்பிலேயே ஊன்றி, நீண்டு இழுத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, அடியில் உள்ள தாவலைத் தாண்டிப் படகைத் தட்டையாக இறக்குவது. துடுப்பு அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் மூக்கு கவிழ்ந்து குழிக்குள் போகும்.

தொட்டி எங்கே கைவிடுகிறது?

இவ்வளவு தூரம் உடன்வந்த தொட்டியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது புவியீர்ப்பும் ஆழமும். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு சுமார் 3 மீட்டர் நகரும், ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரட்டிக்கும். தட்டிலுள்ள வரப்பையும் இதே கணக்கில்தான் நூறாண்டுக்கு மேலாக விளக்கி வந்தார்கள். 2018-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் பகத்தும் சக ஆய்வாளர்களும், அவ்வளவு மெல்லிய படலத்தில் புவியீர்ப்புக்குப் பெரிய வேலையில்லை, நீரின் பரப்பு இழுவிசைதான் வரப்பை நிறுத்துகிறது என்று எழுதினார்கள். தட்டைச் செங்குத்தாகவும் தலைகீழாகவும் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சினாலும், வரப்பு எழும் இடம் ஏறக்குறைய மாறாததே அவர்களின் சான்று. விவாதம் இன்னும் முடியவில்லை. வேகமும் ஆழமும் சட்டென்று இடம் மாற்றிக்கொள்ளும் கதை இரண்டு இடத்திலும் ஒன்றே. அதை நடத்தும் விசைதான் வேறு.

இன்னொன்றும் உண்டு. தட்டில் எதுவும் மாறாது. ஆற்றில் ஒரு குளிர்கால வெள்ளம் மரங்களைக் கொண்டுவந்து, நேற்றுவரை சுத்தமாக இருந்த வாசலில் செருகிவிட்டுப் போகும். அதனால்தான் ஐம்பது முறை இறங்கியவரும் கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் எடியில் ஒதுங்கி, கரையேறி நடந்துபோய்ப் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தே கடப்பவர்களும் உண்டு. படகோட்டிகள் நடுவே இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

குழுவில் முதலில் இறங்குபவர் கீழே ஓர் எடியில் நின்று சைகை தருவார். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், கிடைமட்டமாகப் பிடித்தால் நில். பக்கவாட்டில் காட்டினால் அந்தப் பக்கமாக வா என்று பொருள். பாறையையோ குழியையோ நோக்கிக் கை நீட்டவே கூடாது, இரைச்சலில் எதுவும் கேட்காத இடத்தில் அதையே வழியென்று எடுத்துக்கொள்வார்கள். கரையில் கயிற்றுப் பையோடு நிற்பவர், பாய்ச்சலின் அடியில், விழுந்தவர் மிதந்துவரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தன் காலுக்குப் பின்னால் தடை எதுவும் இல்லாத பாறையைத் தேர்ந்துகொள்வார். பெயர் சொல்லிக் கத்திவிட்டுத்தான் வீசுவார். பிடிப்பவர் கயிற்றை மார்போடு அணைத்து மல்லாந்துகொள்ள வேண்டும், பையைப் பிடிக்கக் கூடாது, கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளவும் கூடாது. ஓட்டமே அவரை வில்லாக வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.